முன் வரிசைச் சிரிப்பு

"ஒரே ஒரு முஸ்லிம் வேணும். சிரிக்கிற முஸ்லிமா வேணும். அரை மணி நேரத்துல வேணும்" என்றார் இயக்குநர்.

சிரிப்பு மாஸ்டர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வரும் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. கேமராவுக்குப் பின்னால் நின்று அவன் 'ஹெக்' என்று ஆரம்பித்தால், அரங்கம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். பட்டப்பெயரே போதுமானதாக இருந்ததால் அவனுடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை.

"எதுக்கு சார் திடீர்னு?"

"போன வாரம் போட்ட பாய் காமெடி அவங்களைக் கேவலப்படுத்துதுன்னு ஏகப்பட்ட புகார். சேனல்காரங்க குதிக்கிறாங்க. இன்னிக்கும் அதே பாயைத்தான் மேடை ஏத்தப்போறேன். முன் வரிசையில அவங்க ஆள் ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிக்கிறதைக் காட்டிட்டா எல்லார் வாயையும் அடைச்சிடலாம். ஆள் கிடைக்கலேன்னா நிகழ்ச்சி காலி. அதுக்கு முன்னாடி நீ காலி."

அவன் காலியானால் வீட்டில் அடுப்பும் காலி. ஓடினான். வெளியே ஜெனரேட்டர் வண்டி ஓட்டுபவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வந்து என்கிட்ட இதைக் கேக்கறியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெரிந்த இரண்டு பேருக்குப் போன் போட்டான். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் எடுத்துத் திட்டினார். கடைசியில், கூட்டக் காட்சிகளுக்கு வழக்கமாக வரும் துணை நடிகை அக்காவிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அக்கா எதற்கும் சிரிப்பவர். சாவு வீட்டுக் காட்சியில்கூடச் சிரித்துத் தொலைத்து ஏச்சு வாங்கியவர்.

உடை அறையிலிருந்து ஒரு கறுப்புத் துணி கிடைத்தது. மழைக்குப் பிளாஸ்டிக் பை மாட்டியது போல அதைத் தலையில் சுற்றிக்கொண்டு அக்கா வந்து நின்றார். மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அப்படியே நில்லுங்கக்கா."

துணியை உதறி, ஒரு பக்கம் நீளமாக விட்டு, நெற்றியோடு இழுத்து, கன்னத்தைச் சுற்றித் தோளில் போட்டு, காதோரம் ஒரு ஊசியைக் குத்தினான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"அடேயப்பா, இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்றார் இயக்குநர்.

"பார்த்துப் பழகினதுதான் சார்."

மேடையில் ஒட்டுத்தாடியும் குல்லாவுமாக நடிகர் வந்தார். "நம்பள்கி பசிக்குது. டோக்கன் நம்பர் மூணு, சோறு கொண்டா" என்று மூன்றாவது மனைவியை எண் சொல்லிக் கூப்பிட்டார். எந்த வீட்டிலும் எவரும் பேசாத தமிழ் அது. 'ஹெக்' என்றான் மாஸ்டர். அரங்கம் அதிர்ந்தது. முன் வரிசையில் அக்கா மட்டும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது தடவையும் அதே கதைதான். மைக்கில் இயக்குநர் கத்தினார்.

"மாஸ்டர், அந்த முக்காட்டுக்குச் சிரிக்கத் தெரியுமா தெரியாதா? இன்னும் ஒரு தடவைதான். அப்புறம் நீ பையைத் தூக்கிட்டுக் கிளம்பலாம்."

அவன் ஓடிப்போய் அக்காவின் முன்னால் மண்டி போட்டான்.

"என்னக்கா ஆச்சு? போன வாரம் இதே பாய் காமெடிக்கு நாற்காலியிலேர்ந்து விழுந்தீங்களே."

"அது வெறுந்தலையோட கேட்டது தம்பி. இதைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா என்னையே சொல்ற மாதிரி இருக்கு. சிரிப்பு வர மாட்டேங்குது."

எழுந்து போய்விடலாமா என்று மாஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது. வீட்டு ஞாபகம் வந்ததும் அந்த எண்ணத்தை விழுங்கினான்.

"என் பொழைப்பு இப்ப உங்க பல்லுலதான்க்கா இருக்கு. மேடையைப் பார்க்காதீங்க. என் மூஞ்சியைப் பாருங்க. நான் சிரிக்கிறதைப் பார்த்துச் சிரிங்க, போதும்."

கேமராவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டான். "டோக்கன் நம்பர் மூணு" என்றதும் ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையை அறைந்து, கண்ணில் தண்ணீர் வழிய அப்படி ஒரு சிரிப்பை அவன் அதுவரை சிரித்ததில்லை. அக்கா அவனையே பார்த்தார். உதடு கோணியது, பல் தெரிந்தது, பிறகு குலுங்கிச் சிரித்தே விட்டார்.

"ஓகே, பிரமாதம்" என்றார் இயக்குநர். "இதுக்கு மேல எவன் வாயைத் திறக்கிறான்னு பார்க்கலாம்."

விளக்குகளை அணைத்தார்கள். வேலை பிழைத்தது. மாஸ்டர் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, அக்காவின் காதோரத்து ஊசியைக் கழற்றினான். துணியை ஓரம் சேர்த்துப் பதமாக மடித்தான்.

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் தம்பி, நாம காட்டினது கெடக்கட்டும். நிஜமான முஸ்லிம் யாராவது இதைக் கேட்டுச் சிரிப்பாங்களா?"

அவன் கடைசி மடிப்பைக் கையால் நீவிவிட்டான்.

"இத்தனை வருஷமா நான் சிரிச்சிட்டுத்தானேக்கா இருக்கேன்."