காருக்குத் திரை போட்ட கதை

"ஊட்டியா, கொடைக்கானலா? எங்க மச்சான் டூரு?" மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தான் பக்கத்து வீட்டு வரதன்.

காரின் பின்சீட்டில் மல்லாந்து கிடந்தான் பெஞ்சமின். வாய் நிறைய குண்டூசி. தொங்கிப்போயிருந்த கூரைத் துணியை ஊசி ஊசியாகக் குத்தித் தூக்கிக்கொண்டிருந்தான். ஊசி குத்திய இடத்திலெல்லாம் அவன் மனைவி ரூத் சமிக்கி ஒட்டினாள்.

"நட்சத்திரமாட்டம் கீது பாருங்க!" என்று அவளே கைதட்டிக்கொண்டாள்.

வரதன் விடுவதாக இல்லை. "மகாபலிபுரம் வரைக்குமாவது போவீங்க இல்ல?"

பெஞ்சமின் ஊசிகளைக் கையில் துப்பினான். "முன்னாடி பானட்டத் தொறந்து பாரு மச்சான்."

வரதன் மதில் தாண்டி வந்து திறந்து பார்த்தான். இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வரதன் மரியாதையாக மூடிவிட்டுப் போய்விட்டான்.

இஞ்சின் பழைய இரும்புக்குப் போய் ரெண்டு வருஷமாகிறது. ஆனால் செங்கல்பட்டில் அந்த வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு ஹால். அதில் அப்பா, அம்மா, தம்பி, தங்கை, கூடவே இந்தப் புது ஜோடி. கல்யாணமான நாலு மாசத்தில் இவர்கள் தனியாகப் பேசியது ரேஷன் கடை வரிசையில்தான். அங்கேயும் பின்னால் நின்ற பெரியவர் நடுவில் புகுந்து யோசனை சொன்னார்.

அதனால்தான் இந்தக் கூத்து. நாற்றம் போக காப்பித்தூளைப் பழைய சாக்ஸில் கட்டித் தொங்கவிட்டாள் ரூத். கிழிந்த சீட்டுக்குப் போர்வையைத் தைத்தாள். கண்ணாடிக்கெல்லாம் பழைய புடவையில் திரை. பெஞ்சமின் பேட்டரி ஃபேன் ஒன்று மாட்டினான்.

மாமியார் ரெஜினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஓடாத காருக்குத் திரை ஒரு கேடா? பைத்தியம் புட்ச்சிகினு கீதா ரெண்டு பேருக்கும்?"

திட்டிவிட்டு, தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். "வெளிய நின்னா உள்ள தெரியுமா?"

"தெரியாது அத்த."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் அத்த."

"இன்னா கண்றாவியோ" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. கோயிலில் ஆராதனை முடிந்ததும் தம்பியும் தங்கையும் வாலிபர் கூட்டத்துக்குப் போய்விடுவார்கள். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். காலையிலேயே ரூத் காரின் முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, காற்றாடத் திரைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்தாள்.

பிரசங்கத்தின் நடுவில் ரெஜினா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தலவலி உயிரு போவுது. நானும் மாமாவும் வூட்டுக்குப் போறோம். நீங்க இருந்து ஜெபம் முடிச்சிட்டு வாங்க."

"பாவம் அத்த" என்று ரூத்துக்கு மனசு கேட்கவில்லை. வரும் வழியில் தலைவலி மாத்திரை வாங்கினாள். பெஞ்சமின் ரெண்டு கப் ஐஸ்கிரீம் வாங்கினான்.

வீடு பூட்டிக் கிடந்தது.

"டாக்டர்கிட்ட போயிருப்பாங்க" என்றான் பெஞ்சமின். வருத்தப்படத்தான் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. ரெண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினார்கள்.

திரைகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ கிசுகிசுத்தார்கள், யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெஞ்சமின் கண்ணாடியைத் தட்டினான்.

ரெண்டு விரல் அளவுக்குக் கண்ணாடி இறங்கியது. அப்பா ஜெபக்குமாரின் மூக்கு தெரிந்தது. அவருக்குப் பின்னால் ரெஜினா, தலை நிறைய ரூத்தின் மல்லிகையோடு, தலைவலி இருந்த சுவடே இல்லாமல், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பெஞ்சமினுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னாப்பா இது! நாலு மாசமா காத்துகினு கீறோம்பா!"

"நாங்க முப்பது வருசமா வரிசையில நிக்கிறோம், பின்னால போடா!"