மேல்வீட்டுத் தாலாட்டு

படுக்கையறைச் சத்தத்தைக் கேட்கவைக்கும் பேபி மானிட்டர் பெட்டி சமையலறையில் இருந்தது. அதில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

ஓடெட்டின் கையிலிருந்த பால் துடைக்கும் துணி நழுவியது. அழுதது ஜெரெமி இல்லை. பிறந்து மூன்று வாரமே ஆன ஜெரெமி அவள் தோளில்தான் கிடந்தான், வாயோரம் பால் வழிய, தூக்கத்தில் முக்கி முனகிக்கொண்டு.

வடக்கே கடலோர ஊரான காராக்கெட்டில் டிசம்பர் வந்தால் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அவள் கணவன் அர்மான் பனி தள்ளும் வண்டியோடு வேலைக்குப் போயிருந்தான். ஆளில்லாத படுக்கையறையில் யார் அழுவது?

சிலுவை போட்டுக்கொண்டாள். ஓடிப்போய் வாசல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். வழக்கம்போல் அது பாதியில் சிக்கிக்கொண்டது.

அப்போது பெட்டிக்குள் ஒரு பெண் பேசினாள்.

"வாயை மூடு. கும்பிட்டுக் கேக்குறேன், வாயை மூடு. இல்லேன்னா உன்னைப் பனியில போட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

ஓடெட் வெடுக்கென்று பெட்டியை அணைத்தாள். கீழ்வீட்டு ஜிசெலின் குரல் அது. புருஷன் இல்லாமல் கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள். படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

அர்மான் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே தள்ளுபடியில வாங்கியிருக்கீங்க. அவ பெட்டி உன் பெட்டியில பேசுது. பேயா இருக்கும்னு ஆசையாக் கேட்டேன்."

"சிரிக்காத. பெத்த பிள்ளையைப் பனியில போடுவாளாம்."

"அழுகை தாங்காமச் சொல்லியிருப்பா, விடு."

"வாயில வர்றதுதான் மனசுல இருக்கும்னு எங்க கான்வென்ட் சிஸ்டருங்க சொல்வாங்க."

"உங்க சிஸ்டருங்க எத்தனை பிள்ளை பெத்தாங்க?"

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு தாய் பேசுற பேச்சா அது?"

"ஏன், நீ பேசினதே இல்லையா?"

"நானா?" என்றவள், ஜெரெமிக்குத் துணி மாற்ற உள்ளே போய்விட்டாள்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஜெரெமியின் மூச்சு சட்டென்று நிற்கும். அவளுடையதும் நிற்கும். அவன் திரும்ப மூச்சு விடுவான், அவள் விடமாட்டாள். சும்மா கிடந்தவன் திடுக்கிட்டு, கிளையிலிருந்து விழுகிறவன் போல இரண்டு கையையும் விரிப்பான். அவள் எழுந்து உட்காருவாள். அங்கே கீழே அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ?

காலையில், பிள்ளை பெற்றவர்களை வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் லெஜே வந்தார். எடை போட்டார். தொப்புள்கொடி காய்ந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். ஜெரெமியின் உள்ளங்கையில் விரலை வைத்தார். பிடித்தவன் விடவில்லை.

"கெட்டிக்காரன். சாயங்கால அழுகை இன்னும் ரெண்டு மூணு வாரம் ஏறும், அப்புறம் தானா இறங்கும். நீ எப்படிம்மா இருக்க? தூங்குறியா?"

"எனக்கொண்ணும் இல்ல மேடம். கீழ்வீட்டுக் குழந்தையை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நீ சொல்லிட்ட. இனி நான் விசாரிக்காம இருக்க முடியாது. நிஜம்னா பிள்ளையை அவகிட்டேருந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. தெரியும்ல?"

"குழந்தைக்கு நல்லதுன்னா..."

நர்ஸ் படியிறங்கினார். ஓடெட் பெட்டியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

கதவு திறந்தது. நாற்காலி இழுபட்டது. பிறகு நர்ஸின் குரல் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது.

"ஏன் ஜிசெல், மேல்வீட்டுச் சத்தம் உன் பெட்டியில கேக்குமா?"

"கேக்கும் மேடம். எல்லாமே கேக்கும்."

தன் சத்தமும் அங்கே போகும் என்று ஓடெட்டுக்கு இதுவரை தோன்றவே இல்லை.

போன வியாழக்கிழமை. மத்தியானத்திலிருந்து ஜெரெமி ஓயாமல் அழுதான். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைக் கையில் எடுத்து, 'இதை உன் மூஞ்சியில வெச்சு அமுக்கினாத்தான் நிறுத்துவியா?' என்று கத்தினாள். சுவரில் தொங்கிய மாதா படத்தைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

"என்ன கேக்கும்?" நர்ஸ் விடவில்லை. "அந்தப் பொண்ணு தூங்குற மாதிரியே தெரியல. அதான் கேக்குறேன்."

பெட்டியில் ஜிசெல் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"பாட்டு மேடம். பிள்ளைக்குத் தாலாட்டு பாடும். ரொம்ப நல்லா பாடும்."

இந்த மூன்று வாரத்தில் ஓடெட் ஒரு வரிகூடப் பாடியதில்லை.

செருப்புகூடப் போடாமல் ஜெரெமியை அணைத்துக்கொண்டு கீழே ஓடினாள். நர்ஸ் கதவைத் திறந்தார்.

"அவங்க பொய் சொல்றாங்க மேடம். நான் பாடினதே இல்ல. அவங்க சொன்னதைவிட மோசமாச் சொன்னவ நான்."

அந்த வியாழக்கிழமையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

நர்ஸ் ஜிசெலின் குழந்தையை மறுபடி ஒருமுறை துணி விலக்கிப் பார்த்தார். கன்னம் வைத்துக் கொழுகொழுவென்று இருந்தது. பிறகு இரண்டு பெண்களையும் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது, இரண்டு பேர் சட்டையிலும் பால்கறை.

"என் மூத்தவன்கிட்ட நான் சொன்னதை நல்லவேளை யாரும் கேக்கல," என்றார். "கோபம் வந்தா பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு வெளியே வந்துடுங்க. மாறி மாறித் தூங்குங்க. நான் நாளைக்கும் வருவேன்."

அவர் போன பிறகும் ஓடெட் வாசலிலேயே நின்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ஜிசெல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க கத்தினதும் நான் பெட்டியை அணைக்கல. அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் நீங்க அழுததும் கேட்டுச்சு."

ஓடெட் திரும்பினாள். மாடிக்குப் போகாமல் ஜிசெல் வீட்டுக் கதவைச் சாத்தி, உள்ளே நின்றபடி தாழ்ப்பாளைப் போட்டாள்.