எழுத்தில்லாத பக்கம்

இந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் ஓர் அம்மா இருந்தாள்.

நூலகர் அதை மூடி, வேண்டாத அடுக்கில் வைத்தாள்.

வழி தவறிய கோழிக்குஞ்சு கடைசியில் தாய்க்கோழியின் இறக்கைக்குள் போய்விட்டது. இடிக்குப் பயந்த நாய்க்குட்டிக்கும் அதே முடிவு. ஒரு மழைத்துளி ஊரெல்லாம் சுற்றி வந்தது. அதற்கு மேகம் அம்மாவாம்.

"மழைத்துளியக்கூட சும்மா விடலையே இவங்க," என்றாள் என்னிடம்.

எங்களுடையது ஒரு கிளை நூலகம். நான் வாசலருகே உட்கார்ந்து புத்தகம் பதிவு செய்து கொடுக்கிறவன். ஞாயிறு காலையில் பாய் விரித்துக் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பது அவள் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

மதியம் தாரணியின் அப்பா போன் செய்திருந்தார்.

"அவங்கம்மா தவறினதுக்கப்புறம் இப்பத்தான் மேடம் வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறா. கதைக்குப் போலாம்ங்கறா. நாளைக்குக் கூட்டிட்டு வர்றனுங்க."

தாரணிக்கு நான்கு வயது. வாராவாரம் அம்மாவின் மடியில் உட்கார்ந்துதான் கதை கேட்பாள். போகும்போது இருவரும் கை கொள்ளாமல் படப் புத்தகங்களை அள்ளிப் போவார்கள்.

நாளை அந்த மடி இல்லை.

அதனால் கதையில் அம்மாவும் வரக் கூடாது. நூலகர் தேடியது அப்படி ஒரு புத்தகம்.

படப் புத்தகம் பொறுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அட்டையைப் பார்த்து மயங்க மாட்டாள். புத்தகத்தை விரித்து அலமாரியில் நிறுத்துவாள். பாயின் கடைசிக்குப் போய், சின்னக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்காருவாள். அங்கிருந்து யானை பலாப்பழம் மாதிரி தெரிந்தால் அந்த யானைக்கு எங்கள் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பிறகு வாய்விட்டு வாசிப்பாள். படம் குழந்தைகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் வரிகளை மனப்பாடம் செய்துகொள்வாள். நானாக இருந்தால் கைக்கு வந்ததை எடுத்து வாசித்துவிட்டுப் போயிருப்பேன்.

நூலகம் மூடும் நேரத்தில்தான் கிடைத்தது.

ஒரு ரோடு ரோலரின் கதை. சைக்கிள் அதை முந்திப் போகிறது. ஆடு முந்திப் போகிறது. ஒரு நத்தைகூட முந்தப் பார்க்கிறது. ரோலர் அது பாட்டுக்கு உருண்டுகொண்டே இருக்கிறது. சாயங்காலம், தான் போட்ட ரோட்டிலேயே ஜம்மென்று திரும்பி வருகிறது.

பாயின் கடைசியிலிருந்தும் பளிச்சென்று தெரிந்தது.

நடுவில் மட்டும் ஒரு படம், இரண்டு பக்கத்துக்கும் விரிந்து கிடந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண். இடுப்பில் குழந்தை. ரோலருக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கிறாள்.

அதில் எழுத்தே கிடையாது. வெறும் படம். விட்டாலும் கதை அறுந்துபோகாது.

இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சத்தம் வந்தது. மறுபடி திருப்பினாள். சத்தமே வராதவரை திருப்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு குழந்தைக்காக இவ்வளவா என்று நினைத்தேன். நினைத்த உடனே அவள் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஞாயிறு. பாய் நிறைந்துவிட்டது.

தாரணி அப்பாவின் மடியில் இருந்தாள். பனியன் கம்பெனிச் சட்டையோடு அவர் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற குழந்தைகள் ரோலரோடு சேர்ந்து டுர்ர்ர் என்றார்கள். தாரணி வாயைத் திறக்கவில்லை.

சைக்கிள் போனது. ஆடு போனது.

இரண்டு தாள்கள் ஒன்றாகத் திரும்பின. எனக்கே தெரியவில்லை.

"மிஸ், ஒரு பக்கம் விட்டுப்போட்டீங்க."

தாரணிதான்.

"எங்கம்மா அத விடவே மாட்டாங்க."

அம்மாவும் மகளும் அள்ளிப் போன புத்தகங்களில் இதுவும் இருந்திருக்கிறது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

தாள் ஒட்டிக்கொண்டது என்று நூலகர் சமாளித்திருக்கலாம். சின்னக் குழந்தை, நம்பியிருக்கும்.

"ஆமா கண்ணு, விட்டுட்டேன்," என்றாள்.

திருப்பி எடுத்தாள். பஸ் ஸ்டாப், பெண், இடுப்பில் குழந்தை. எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இத நீ வாசிக்கிறியா?"

தாரணி மடியிலிருந்து இறங்கினாள். குழந்தைகளைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் மேல் விரலை வைத்தாள். எழுத்தில்லாத பக்கத்தைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தாள்.

"மெதுவாப் போ சாமி. அவசரமே இல்ல. நாங்க இங்கயேதான் நிப்போம்."

பாயிலிருந்து யாரோ ஒரு குழந்தை, "இன்னொரு தடவ" என்றது.

தாரணி மறுபடி ஆரம்பித்தாள். அவள் விரலை எடுக்கும்வரை, நூலகர் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.