சரிக்குச் சரி

வெண்டல் இன்று ஆடப்போவதில்லை என்பது இரண்டு அணிகளுக்கும் தெரிந்திருந்தது. அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

அவள் கீழ் வரிசையில், கம்பி வேலியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சலவைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, கிளீவ்லாந்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்தவள். மடியில் செருப்புப் பெட்டி. அதற்குள் அவனுக்காகப் பொரித்த கோழி. மைதானத்தில் பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தவர்களின் முதுகுகளில் மகனின் சட்டை எண்ணான எண்பத்து நாலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எண்பத்து நாலு, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, அரங்கின் உச்சி வரிசையில் இருந்தது.

அம்மா அவன் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. இது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம். படிப்பும் இந்த வருடத்தோடு முடிகிறது.

கறுப்பன் இறங்கும் மைதானத்தில் தாங்கள் இறங்குவதில்லை என்று தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வந்த வெள்ளையர் அணி சொல்லிவிட்டது. அது அவனுக்குப் புதிதில்லை. அதற்குப் பிறகு கோச் ஓல்சன் சொன்னதுதான் காலையிலிருந்து நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

"அவங்களும் சும்மா கேக்கல, தம்பி. உன் இடத்துல ஆடுற அவங்க ஆளு, டகெட்டு, அவனையும் உக்கார வெக்கிறாங்க. சரிக்குச் சரி. இதுக்கு மேல நியாயமா யாரு நடந்துக்குவா?"

ஓல்சன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது. பிறகு எல்லோரையும் மண்டியிடச் சொல்லி ஜெபம் நடத்தினார். மற்றவர்கள் ஆமென் சொல்வதற்குள் வெண்டல் எழுந்துவிட்டான்.

வெளியே போ என்றிருந்தால் பொறுத்திருப்பான். இதற்கு நியாயம் என்று பெயர் வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. போர்க்காலத்தில் பிரான்சில், குண்டு விழுந்த சாலைகளில் இரவும் பகலுமாக அவன் லாரி ஓட்டியபோது, இவனை உட்கார வையுங்கள், ஈடாக நாங்களும் ஒருவனை உட்கார வைக்கிறோம் என்று எந்தத் தெற்கத்தியானும் வந்து கேட்கவில்லை.

பக்கத்துப் பலகை கிரீச்சிட்டது.

செம்பட்டை முடியும் நீண்ட மேலங்கியுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். பின்பக்கப் படி வழியாக வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

"மிஸ்டர் பெட்டிஃபோர்ட், நான் ஹார்லன் டகெட்."

வெண்டல் திரும்பிப் பார்த்தான். ஒரு ஜார்ஜியா வெள்ளைக்காரன் வாயிலிருந்து தன் பெயருக்கு முன்னால் மிஸ்டர் வந்ததை அவன் அதற்குமுன் கேட்டதில்லை. ஆனாலும் கோபம் தணியவில்லை.

"என்னால உன் ஆட்டம் போச்சுன்னு சொல்ல வந்தியா?"

"இல்லீங்க."

"அப்போ என் விலை என்னன்னு பாக்க வந்தியா? பாத்துக்கோ. நீ எவ்வளவோ அவ்வளவுதான். தராசு பிடிச்சிருக்காங்க."

டகெட்டின் காது மடல்கள் சிவந்தன.

"எங்க கோச்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேங்க. கர்த்தர் பேருல. இதப் பத்தி யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

"அப்ப எதுக்குத்தான் வந்த?"

"வாயத் தொறக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நடக்க மாட்டேன்னு சொல்லல."

அவன் குனிந்து கால்சட்டையின் வலது காலைச் சுருட்டினான். முழங்கால்வரை நிதானமாக, ஓடையில் இறங்கப்போகிறவன் சுருட்டுவது போல. பிறகு எழுந்து, மேலங்கியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். பின்பக்கப் படிக்குப் போகவில்லை. எல்லோரும் பார்க்கும் முன்பக்கப் படியில் இறங்கத் தொடங்கினான்.

வலது காலில் மாவுக்கட்டு.

நேற்றுப் போட்ட கட்டு இல்லை. ஓரமெல்லாம் அழுக்கேறிப் பிசிறு பிசிறாகத் தொங்கியது. கூட்டாளிகள் அதில் போட்ட கையெழுத்துகளின் மைகூட மங்கியிருந்தது. இந்த மாதம் முழுவதும் இந்தக் கால் பந்தின் பின்னால் ஓடியிருக்க முடியாது. இன்றும் ஓட முடியாது. உட்கார வைத்தாலும் வைக்காவிட்டாலும் உட்கார வேண்டிய ஆளைத்தான் அவர்கள் தராசின் மறுதட்டில் வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு படிக்கும் முதலில் நல்ல கால். பிறகு கட்டுப் போட்ட கால். டக். டக். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. எதிர்ப்பக்கம் நின்ற தெற்கத்திக் கோச் வாயருகே கொண்டுபோன காப்பியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசிப் படிகளில் டகெட் தடுமாறினான். கீழ் வரிசையில் ஒரு பெண் செருப்புப் பெட்டியைப் பலகையில் வைத்துவிட்டு எழுந்து அவன் கையைப் பிடித்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ, இந்தக் காலோட இம்புட்டு உசரம் ஏறலாமா? என் தோளப் பிடிச்சுக்கப்பா. மெதுவா. இன்னைக்கு என் பையன் ஆடுறான், அதப் பாத்துட்டே போ."

டகெட் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

வேலிக்கு அப்பால் ஓல்சன் அந்தக் கட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அவர் முகத்தில் காலையில் இருந்த நிம்மதி இல்லை. பிறகு உச்சி வரிசையை நோக்கித் தலையைத் தூக்கினார்.

அங்கே யாரும் இல்லை. கழுத்துப்பட்டியை அவிழ்த்தபடி வெண்டல் பாதிப் படி இறங்கியிருந்தான்.