குளத்தூரில் டாஸுக்கு முன்

“பிழிஞ்சு என்னத்துக்கு மக்கா? மேலேருந்து ஊத்திட்டுல்லா கெடக்கு!”

சத்தியதாஸ் மாமா சலித்துக்கொள்கிறார். ஜீனா நிமிராமல் மெத்தையின் மறுமுனையை முறுக்குகிறாள். ஓண விடுமுறைப் போட்டிக்கு ஆரியங்கோடு கால்பந்து அணியோடு குளத்தூர் வந்தவர்கள், சர்ச் ஹாலில் தாங்கள் படுத்திருந்த ஸ்பஞ்சு மெத்தையைக் கோல் முன்னால் விரித்து மழைத்தண்ணீரை உறிஞ்சவைத்துப் பிழிகிறார்கள். வற்றிய பள்ளம் கண்ணெதிரே மறுபடி நிறைகிறது. பந்து அதில் மெல்லச் சுழல்கிறது. இன்றைய அரையிறுதி நடக்காவிட்டால் டாஸ் போட்டுத்தான் முடிவு. போன இரண்டு வருடமும் டாஸில்தான் அரையிறுதியில் தோற்றார்கள். அண்ணன் ஜெனில் கோல் கம்பத்தில் சாய்ந்து முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டுகிறான். அந்த முழங்காலுக்கு இனி அடுத்த வருடம் கிடையாது. நடுவர் வாட்சைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுக்கிறார். ஜீனா ஓடிப்போய் அதன்மேல் தன் ஈரக் கையை வைத்து மூடுகிறாள்.

“சாரே, ஒரு பத்து நிமிசம் தாரும். நாங்க வெள்ளத்த வத்தவச்சிருவோம், சாரே…”