பார்க்காமல் வரைந்த படங்கள்

"கண்ண மூடிக்கிட்டு பைக்குள்ள கைய விடுங்க. என்ன இருக்குன்னு வாயால சொல்லக் கூடாது. கை சொல்றத வரையுங்க."

லிட்டியா சொல்லி முடித்ததும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் வாயைப் பிளந்தது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு பாடத்தைக் கேட்டதே இல்லை என்பதுபோல் அப்படி ஒரு வியப்பு. அப்பாக்களின் பழைய சட்டையை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு, அவள் கேட்கும் முன்பே தண்ணீர் டப்பாக்களோடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி பெஞ்சில், அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போட வந்த நைவாலு மேடம். பக்கத்துக் காம்பவுண்டில் இருக்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவருடைய பேனாவுக்கு நடுங்காதவர் கிடையாது. போர்டில் மாதிரி வரையக் கூடாது, இரண்டு பிள்ளைகளின் படம் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. இதுதான் அவர் சட்டம்.

நேற்று இதே வகுப்பில், இதே தேர்வில், அவளோடு பயிற்சிக் கல்லூரியில் படிக்கும் ஜோனே ஃபெயிலாகியிருந்தான். உங்கள் ஊரை வரையுங்கள் என்றானாம். எல்லாத் தாளிலும் ஒரே தென்னைமரம், அதுவும் ஒரே பக்கமாகச் சாய்ந்து.

"போர்டுல ஒரு கோடுகூட போடல லிட்டியா, சத்தியமா," என்று கேன்டீனில் புலம்பினான். "பெயின்ட்ட கொட்டுன ஒரு பொண்ண எழுப்பி நாலு வார்த்த திட்டுனேன். அவ்ளோதான்."

"சரிடா, நம்பிட்டேன்," என்றாள். நம்பவில்லை.

அவளுக்குப் பதினெட்டு வயதுதான். இதில் தோற்றால் உதவித்தொகை போய்விடும், சொந்த ஊரான கடாவு தீவுக்குத் திரும்பப் படகேற வேண்டியதுதான். அங்கே அப்பா போன ஞாயிறே சர்ச்சில் எழுந்து நின்று அவளை டீச்சர் ஆக்கிவிட்டார்.

துணிப்பை முதல் வரிசையில் நகர்ந்தது. உள்ளே ஒரு சங்கு, ஒரு சேப்பங்கிழங்கு, கொஞ்சம் தேங்காய் நார். முன் பெஞ்சுச் சிறுமி மேரேசெய்னி பைக்காகக் கையை நீட்டினாள். முழங்கை பட்டு நீல பெயின்ட் டப்பா கவிழ்ந்தது. பாதி தரையில், மீதி லிட்டியாவின் ஒரே நல்ல பாவாடையில்.

எல்லாப் பிரஷ்ஷும் நின்றன. எல்லாக் கண்ணும் லிட்டியா மேல்.

அவள் குனிந்து துணியால் துடைத்தாள். "பரவால்ல கண்ணு. கடல் நம்ம கிளாசுக்கே வந்திருச்சு, அவ்ளோதானே."

மேரேசெய்னி பின்னால் திரும்பிப் புருவத்தை ஒரு தடவை தூக்கினாள். பிரஷ்கள் மறுபடி ஓடின. பை இன்னும் போய்ச் சேராத பின் வரிசையில்கூட ஓடின. கற்பனை அவ்வளவு வேகம்போல என்று நினைத்துக்கொண்டாள் லிட்டியா.

நைவாலு மேடம் எழுந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஊதா மலை. கால் முளைத்த மீன். முடியெல்லாம் வேராக ஒரு கிழவன். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

"இதத்தான்மா தலையில அடிச்சிக்கிட்டு சொல்றேன். மாதிரி காட்டாம விட்டா பிள்ளைங்க எப்படி யோசிக்குதுங்க பாத்தியா? அந்த ஜோனேவ கூட்டிட்டு வந்து காட்டு." கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

லிட்டியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குழாயடியில் பிரஷ் கழுவும்போது மேரேசெய்னி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப நல்லா வரைஞ்சீங்கடா எல்லாரும். நாளைக்கு வேற ஒரு சார் பாடம் எடுக்க வருவாரு. அவருக்கும் இதே மாதிரி வரையணும், என்ன?"

மேரேசெய்னி பிரஷ்ஷை உதறிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"அவரு திட்டுவாரா மேடம்? திட்டுனா தென்னமரந்தான்."