துண்டுக்கு அடியில்

மருமகள் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டாள்.

மின்கம்பம் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் தரைக்கும் கூரைக்கும் நட்டுவைத்த இரும்புக் கம்பம். பிடித்து ஏற வேண்டும், தலைகீழாகத் தொங்க வேண்டும். யோகாவோடு அதையும் கற்றுக்கொண்டிருந்தாள். கீழே மெத்தை. எலும்பு தப்பியது.

பயிற்சியாளர் அவள் விலாப் பக்கம் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரமாவே போட்டுட்டு வந்திருக்கியா?"

அவள் தலையாட்டினாள்.

"ஈரம் தோல்ல இறங்கினா வழுக்காம என்ன செய்யும்? ஞாயித்துக்கிழமை முதலாளியம்மா வர்றாங்க. நீ ஏறிக் காட்டினாத்தான் பெண்கள் வகுப்பு உனக்கு. இன்னொரு தடவை ஈரத்தோட வந்தா நானே உன்னை ஏத்த மாட்டேன்."

அந்த வேலை அவளுக்கு வேண்டும். பிரசவத்துக்காக விட்ட பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

"மாத்துக்கு இன்னொண்ணு வாங்கிக்கோயேன்."

"கிடைச்சா வாங்க மாட்டேனாக்கா?"

உண்மைதான். பிள்ளை பெற்று, பால் கொடுத்த உடம்பு. ஏறாத கடை இல்லை. ஒரு ஸ்போர்ட்ஸ் பிரா, யோகாவில் குனிந்தால் கழுத்துக்கு வந்தது. ஒன்று மூச்சை அடைத்தது. ஒன்றின் கொக்கி கம்பத்தில் உரசி முதுகைக் கீறியது. கடைசியில் ஒன்று அகலப் பட்டையோடு, கொக்கியே இல்லாமல், தலைகீழாகத் தொங்கினாலும் அசையாமல் பிடித்தது. அந்த அளவில் கடையில் அது ஒன்றுதான் இருந்தது.

தினமும் வகுப்பு முடிந்ததும் துவைத்துப் போடுவாள். மறுநாள் காலை எடுத்தால் ஈரம்.

காரணம், மாமியார் போட்ட சட்டம். மொட்டை மாடிக் கொடியில் பெண்களின் உள்ளாடை எதுவானாலும் துண்டுக்கு அடியில்தான் காய வேண்டும்.

"உங்க மாமா காலையும் சாயங்காலமும் மாடியில நடக்கிறவர். அவர் கண்ணுல படலாமா?"

மாமா என்றால் மாமனார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை, அதுவும் குத்தலாக. மருமகள் இந்த வகுப்பில் சேர்ந்தபோது சொன்னார்:

"நான் சம்பளம் வாங்கிட்டுக் கம்பத்துல ஏறினேன். இவ காசு கொடுத்து ஏறுறா."

அன்று இரவு சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்.

"துணி ஈரமா இருந்துச்சு. கம்பத்துல வழுக்கிடுச்சு."

மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

"சாப்பிடுற இடத்துல பேசுற பேச்சா இது?" என்றாள் மாமியார்.

மறுநாள் மாடியில் துண்டு தனியாகத் தொங்கியது. பிரா தனியாக, நட்ட நடுக் கொடியில், வெயிலைப் பார்த்துக்கொண்டு.

"வெட்கம்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"நான் போடலை அத்தை. துண்டுக்கு அடியிலதான் போட்டேன்."

"அப்ப அதுக்குக் கால் முளைச்சுதா?"

அதற்கு மறுநாளும் அதே கதை. மாமனார் மாடியில் நடப்பதையே நிறுத்திவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். தெருவில் மரம் கிடையாது. வேர்வையில் சட்டை ஒட்டத் திரும்பி வருவார்.

"பாத்தியா? மனுஷன் கூசிப்போய்த் தெருவுல கிடந்து வேகுறார். எல்லாம் உன்னால."

மருமகள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.

"அம்மாகிட்ட மல்லுக்கட்டாதே," என்றான் கணவன். "பாத்ரூம்லயே போட்டுடு."

சனிக்கிழமை துவைத்து, பாத்ரூம் கம்பியில் போட்டாள். சன்னல் இல்லாத பாத்ரூம். காயாது என்று அவளுக்கே தெரியும். பயிற்சியாளரிடம் என்ன சொல்லிக் கழன்றுகொள்வது என்று யோசித்தபடியே ஞாயிறு காலை கை நீட்டினாள்.

மொறமொறவென்று காய்ந்திருந்தது. முகத்தருகே கொண்டுபோனாள். வெயில் வாசனை.

அன்று ஏறினாள். தலைகீழாகத் தொங்கினாள். கையை விட்டுக் காட்டினாள். முதலாளியம்மா எழுந்து வந்து, "நாளையிலிருந்து வந்துடும்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாமியாரிடம் போனாள்.

"அத்தை, வேலை கிடைச்சிடுச்சு. நேத்து நீங்கதானே எடுத்துட்டுப் போய் வெயில்ல போட்டீங்க?"

"நானா? எனக்கென்ன தலையெழுத்தா?"

"நான்தான் போட்டேன்," என்றது வாசல் பக்கத்துக் குரல்.

மாமனார், நடக்கப் போவதற்காகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாமியார் வாசலுக்கே வந்துவிட்டாள். "நீங்களா? அதைப் போய்க் கையால தொட்டு... என்னங்க இது?"

"துணிதானே."

செருப்பில் ஒன்று கிடைத்தது. மாட்டினார்.

"எங்க கூட்டாளி ஒருத்தன் மழையில நனைஞ்சுட்டு, துடைக்காம கம்பத்துல ஏறினான். அவன் இறங்கலை. நாங்கதான் இறக்கினோம்."

மற்றச் செருப்பை மருமகள் எடுத்து அவர் காலருகே வைத்தாள்.

மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்ப தெருவுல போய் நடந்தது? அவ துணியைப் பாத்துக் கூசிப்போய் இல்லையா?"

"நான் மாடியில நடந்தா நீங்க மூடிப் போடுவீங்களே."

சொல்லிவிட்டு, மரமில்லாத தெருவில் இறங்கி நடந்தார் மாமனார்.